‘சும்மா மிரட்டுறான்மா, ஒண்ணும் பண்ண மாட்டான்’... இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

குளத்தூர் மாதிரி ஒரு ஊரை எடுத்துக்குவோம். தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிற கரிசல் ஊர். மிளகாய் பறிக்கப் போக வேண்டிய ஒரு பெண், அன்றைய கூலியை விட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றித் துண்டு. “நேத்து ராத்திரி கழுத்தப் புடிச்சிட்டாரு சார். அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன், அதுக்குத்தான்.”

அடுத்து என்ன நடக்கும்? நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். புருஷனைக் கூப்பிடுவார்கள். அவர் வருவார். ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வருவார். “குடிச்சிருந்தேன் சார், தெரியாம நடந்துபோச்சு.” இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே பைக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்டேஷன் கணக்கில் ஒரு மனு முடிந்தது.

இந்தப் பெண் சொன்ன இரண்டே வாக்கியத்தில் இரண்டு அபாய மணி இருக்கிறது. கழுத்தைப் பிடித்தது ஒன்று. பிரிந்து போவதாகச் சொன்னது இன்னொன்று. உலகம் முழுக்கக் குடும்ப வன்முறைக் கொலைகளைப் படித்தவர்கள் முதலில் தேடுகிற விஷயங்களே இவைதான். இதை அந்த ரைட்டருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? இன்றைக்கு நாம் பேசவேண்டியது அதைத்தான்.

எழுதி வாங்கி அனுப்பியபிறகு என்ன ஆச்சு?

2022 அக்டோபர் 13. சென்னை பரங்கிமலை ரயில் நிலையம். கல்லூரிக்குப் போக நின்ற மாணவியை, வருகிற ரயில் முன்னால் தள்ளிக் கொன்றார் ஒருவர். காதலை ஏற்கவில்லை என்பதுதான் காரணம். குடும்பத்தார் முன்பே போலீஸில் புகார் கொடுத்ததாகவும், எச்சரித்து எழுதி வாங்கி அவரை அனுப்பிவிட்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. இறந்த மாணவியின் அம்மாவே காவல்துறையில் வேலை பார்த்தவர் என்பதை யோசித்துப் பாருங்கள். போலீஸ் வீட்டுப் பிள்ளைக்கே ஆபத்து எவ்வளவு பெரியது என்று யாராலும் அளந்து சொல்ல முடியவில்லை. 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. எல்லாம் முடிந்தபிறகு தண்டனையைக் கடுமையாகக் கொடுப்பதில் நாம் சோடை போவதில்லை. முன்னால் பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். 2016 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடியில் ஒரு தேவாலயத்துக்குள் வைத்து இளம் ஆசிரியை ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்குக் கல்யாணம் சில நாள்களில் நடக்க இருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் கரூரில் ஒரு இன்ஜினீயரிங் மாணவி வகுப்பறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அதே வருஷம் ஜூன் மாதம் நுங்கம்பாக்கம். 2025 மார்ச்சில் எட்டயபுரம் பக்கம், உறவை முறித்துக்கொண்ட 17 வயதுப் பெண் ஒருவர் மீது தீ வைக்கப்பட்டது. சிகிச்சை பலன் தரவில்லை.

ஒவ்வொன்றும் ‘ஒருதலைக் காதல் விபரீதம்’ என்ற தலைப்பில்தான் வந்தது. எங்கள் டெஸ்க்கிலும் அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்திருக்கிறோம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். விபரீதம் என்றால் எதிர்பாராமல் வருவது. இந்தக் கொலைகளோ சொல்லிவிட்டு வருபவை. கல்யாணம் நிச்சயமாவது, நம்பரை பிளாக் பண்ணுவது, வீடு மாறுவது என்று ‘இனி அவள் கிடைக்க மாட்டாள்’ என அவனுக்குப் புரிகிற ஒரு நாள் வரும். அந்த நாளைச் சுற்றித்தான் இவை நடக்கின்றன.

கொலைக்கு முன்னால் ஒரு காலண்டர்

இதை முதலில் கேள்வித்தாளாக மாற்றியவர் போலீஸ்காரர் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு நர்ஸ். அமெரிக்காவின் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985-இல் ‘ஆபத்து மதிப்பீடு’ என்ற கருவியை உருவாக்கினார். அதன் முதல் வேலையே சுவாரசியமானது. பெண்ணின் கையில் ஒரு வருஷக் காலண்டரைக் கொடுத்து, அடி விழுந்த நாள்களைக் குறிக்கச் சொல்வார்கள். “எப்பவாவதுதான் சிஸ்டர்” என்று ஆரம்பித்தவர், பொங்கல், ஊர்க்கொடை, சம்பள நாள் என்று குறித்துக்கொண்டே வரும்போது, அடி நெருங்கி நெருங்கி விழுவதைத் தானே பார்ப்பார். அதற்குப் பிறகுதான் 20 கேள்விகள். ஆயுதம் இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்றானா, செத்துப்போவேன் என்று மிரட்டுகிறானா, எங்கே போனாலும் பின்னால் வருகிறானா, வேலையில்லாமல் இருக்கிறானா, கழுத்தை நெரித்திருக்கிறானா, அவனால் உன்னைக் கொல்ல முடியும் என்று நீயே நம்புகிறாயா.

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். பெண்ணின் பயம் ஒரு தகவல். “நீ ரொம்ப பயப்படுறம்மா” என்று நாம் தள்ளிவிடுகிற அதே பயம். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: பயம் இல்லை என்று சொல்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பழகிப்போன அடியைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு.

கழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, துணைவர் ஏற்கெனவே ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், அந்தப் பெண் பின்னாளில் அவர் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் நம் மனுக்களில் இது ‘கையால் தாக்கினார்’ என்ற இரண்டு சொல் வாக்கியத்தின் இடையில் காணாமல் போய்விடும். கன்னத்தில் அறைந்ததும் கழுத்தை நெரித்ததும் ஒரே ‘சாதாரண காயம்’. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இப்படி 300 வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்காவது வெளியே தெரிகிற காயமே இல்லை. காயம் இல்லாததால் போலீஸும் நம்பவில்லை, டாக்டரும் எழுதவில்லை.

அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற நர்ஸ் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. குரல் கம்மியிருக்கிறதா? எச்சில் விழுங்கினால் வலிக்கிறதா? கண்ணு இருட்டிக்கிட்டு வந்ததா? தெரியாமலே சிறுநீர் போய்விட்டதா? இதற்கு ஸ்கேன் மெஷின் வேண்டாம். கேட்கத் தெரிந்த ஒருவர் போதும். பயிற்சி என்று சொல்கிறோமே, அது இவ்வளவு சின்ன விஷயத்தில் தொடங்குகிறது.

பின்தொடர்தலும் அப்படித்தான். 1999-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், துணைவராலோ முன்னாள் துணைவராலோ கொல்லப்பட்ட பெண்களில் 76 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் பின்தொடரப்பட்டிருந்தார்கள். அடி வாங்கியவர்களின் விகிதம் அதைவிடக் குறைவு, 67 சதவீதம். அதாவது “அவன் என்னைத் தொட்டதே இல்ல, சும்மா பஸ் ஸ்டாப்ல நிக்கிறான்” என்பது ஆறுதல் தருகிற தகவல் இல்லை.

நம்மிடம் படிவம் இல்லையா?

இருக்கிறது. இதுதான் என்னை ரொம்பவே கோபப்படுத்திய விஷயம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளில் ‘படிவம் 5’ என்று ஒன்று உண்டு. பெயர்: பாதுகாப்புத் திட்டம். நடந்த வன்முறை என்ன, அதனால் ஏற்பட்ட விளைவு என்ன, அந்தப் பெண் எதற்குப் பயப்படுகிறார், பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும், நீதிமன்றத்திடம் என்ன உத்தரவு கேட்கிறோம் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். சூழ்நிலையில் உள்ள ஆபத்தை மதிப்பிட்டு, அந்தப் பெண்ணோடு கலந்து பேசி, பாதுகாப்பு அலுவலர் இதைத் தயாரிக்க வேண்டும் என்று விதி 8 சொல்கிறது. பிரிட்டனில் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கிற ‘டாஷ்’ என்ற புகழ்பெற்ற ஆபத்துப் பட்டியல் வந்தது 2009-இல். நம் விதி அதற்கு மூன்று வருஷம் மூத்தது!

ஆனால் ஆபத்தை ‘மதிப்பிட்டு’ என்கிற விதி, எப்படி மதிப்பிடுவது என்று சொல்லவில்லை. கழுத்து, பிரிவு, மிரட்டல், குழந்தையை வைத்து மிரட்டல் என்று எதை எதைவிடக் கனமாக எடுத்துக்கொள்வது? படிவம் வாய் திறக்காது. திறக்க வேண்டியது பயிற்சி.

அடுத்த கேள்வி, யார் நிரப்புவது? தமிழ்நாட்டில் சமூக நலத்துறையின் கீழ், மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் என்ற கணக்கில்தான் நியமனம் தொடங்கியது. தூத்துக்குடி மாவட்டம் 4,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். வேம்பார் கடற்கரை ஒரு மூலை, கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைகள் இன்னொரு மூலை, திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு வேறொரு மூலை. ஒருவர் எங்கே ஓடுவார்? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் காட்டுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் இருக்கிற ஒரு அதிகாரியின் மேஜையில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று இன்னொரு பலகையை வைத்துவிட்டால், உத்தரவு நிறைவேறிவிடும். விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு பெண்ணுக்கு எதுவும் மாறாது. பலகையோடு பயிற்சியும் வர வேண்டும்.

பின்தொடர்தல் வழக்குகளில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே படிவம்கூட இல்லை. 1998-இல் சென்னையில் சரிகா ஷா என்ற மாணவி இறந்தபிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. 2013-இல் பின்தொடர்தல் தனிக் குற்றமானது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. அந்த மத்தியச் சட்டத்தில், முதல் முறை செய்தால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். 2025 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதாக்களில், பின்தொடர்தலுக்குத் தண்டனையைக் கூட்டுவதும், தொந்தரவு தந்தவர் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு பிறப்பிப்பதும் இடம்பெற்றன. இந்த இரண்டாவது அம்சத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அது முன்கூட்டியே தடுப்பது. ஆனால் எந்தப் புகாருக்கு இன்றைக்கே உத்தரவு வாங்க வேண்டும், எதற்கு ஒரு வாரம் பொறுக்கலாம்? அதை முடிவு பண்ண, மறுபடியும், ஆபத்தை அளக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அமெரிக்கக் கேள்வித்தாள் கரிசக்காட்டுக்குச் செட் ஆகுமா?

அப்படியே தூக்கி வைத்தால் ஆகாது. ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?’ என்பது அங்கே முதல் கேள்விகளில் ஒன்று. இங்கே கேட்க வேண்டியது அரிவாளை எங்கே வைத்திருக்கிறார், பருத்திக்கு அடிக்க வாங்கிய மருந்து வீட்டில் இருக்கிறதா, சமீபத்தில் கேனில் பெட்ரோல் வாங்கி வைத்தாரா என்று. தமிழ்நாட்டின் தீக்காய வார்டுகளில் ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்ற வாக்குமூலத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்று அங்கே வேலை பார்க்கிற நர்ஸ்களுக்குத் தெரியும். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வார்டில் தீக்காயப் பெண்களோடு பல வருஷமாக வேலை செய்கிற பிசிவிசி மாதிரி அமைப்புகளிடம், எந்த வெளிநாட்டுப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அனுபவம் சேர்ந்து கிடக்கிறது. பயிற்சிக் கையேடு எழுதுபவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அது.

இன்னொரு கேள்வியும் இங்கே மட்டும் தேவைப்படும்: “உனக்கு யாரைப் பார்த்தும்மா பயம்?” கணவனாகவே இருக்க வேண்டியதில்லை. மாமியார் வீடாக இருக்கலாம். சொந்த அண்ணனாகவும் இருக்கலாம். 2025 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஐடி ஊழியர் ஒருவர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானது அவர் பழகிய பெண்ணின் தம்பி. சாதிதான் காரணம் என்று பேசப்பட்ட வழக்கு. நம்ம ஊரில் ‘பின்தொடர்கிறான்’ என்ற புகாரே சில நேரம் பெண்ணின் வீட்டார், அவர் விரும்பிய வேறு சாதிப் பையன் மேல் கொடுப்பதாக இருக்கும். அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசாமல், அப்பாவையும் தாய்மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வித்தாளை நிரப்பினால், ஆபத்தை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டுமோ அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

பெண் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் ஒருத்தன் பின்னாலேயே வருகிறான் என்று வீட்டில் சொன்னால், மறுநாள் நின்றுபோவது அவனுடைய பயணம் இல்லை, இவளுடைய படிப்பு. கோவில்பட்டிக்கு காலேஜ் போகிற பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும். பயிற்சி பெற்ற ஆசிரியரும் போலீஸும் செய்ய வேண்டிய முதல் காரியம், ‘பொண்ண கொஞ்ச நாள் வெளிய அனுப்பாதீங்க’ என்ற வசனத்தை மறப்பது.

சேர்த்து வைப்பது தப்பா?

மகளிர் காவல் நிலையம் என்ற யோசனையே தமிழ்நாட்டில் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறந்தார்கள். ஆனால் காலப்போக்கில் ‘கவுன்சலிங்’ என்றால் ‘சேர்த்து வைத்தல்’ என்று ஆகிவிட்டது. எல்லாச் சண்டையும் கொலையில் முடியப்போவதில்லை. பல குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை தேவைப்படுவதும் உண்மை. ஸ்டேஷன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து டியூட்டி, ஒரு நாளைக்கு வருகிற மனுக்கள். ‘பொய் கேஸ் போடுறாங்க’ என்ற சந்தேகமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: ஆபத்தை அளப்பது யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது இல்லை. இன்றைக்கு ராத்திரி இந்தப் பெண் எங்கே தூங்கப்போகிறார் என்று முடிவெடுப்பது. சேர்த்து வைப்பதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிஷக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கழுத்தைப் பிடித்தவனோடு ஒரே பைக்கில் ஏற்றி அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டைத் தூக்கிப்பிடிக்கவும் எனக்கு ஆசையில்லை. பிரிட்டனின் பிரைட்டனில் ஷானா கிரைஸ் என்ற 19 வயதுப் பெண், முன்னாள் காதலர் பின்தொடர்வதாகத் திரும்பத் திரும்பப் புகார் செய்தார். போலீஸ் என்ன செய்தது தெரியுமா? தங்கள் நேரத்தை வீணடித்ததாக அவருக்கே 90 பவுண்ட் அபராதம் போட்டது. 2016 ஆகஸ்டில் அவனே அவரைக் கொன்றான். பட்டியல் இருந்த நாடு அது. 2019-இல் அந்த ஊர் ஆய்வாளர்களே ‘டாஷ்’ தரவுகளைச் சோதித்துப் பார்த்து, அதன் மதிப்பெண்கள் அடுத்த பெரிய தாக்குதலைச் சரியாகக் கணிப்பதில்லை என்று எழுதினார்கள். டிக் அடிப்பது பழகிவிட்டால், கேட்கிற காது மூடிக்கொள்ளும்.

ஆகவே ஒரு நாள் ஒர்க்‌ஷாப், பொன்னாடை, குரூப் போட்டோ, சர்டிபிகேட் என்பது பயிற்சி இல்லை. ஸ்டேஷன் ரைட்டர், சுகாதார நிலைய நர்ஸ், பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், பாதுகாப்பு அலுவலர், ஒன் ஸ்டாப் சென்டர் ஆலோசகர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். நிஜ வழக்கு ஒன்றை, பெயரை மறைத்து, தேதி வாரியாகப் பிரித்து, எந்த இடத்தில் யார் எதைத் தவறவிட்டோம் என்று பேச வேண்டும். வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் 2003-இல் இப்படித்தான் தொடங்கினார்கள். அதிக ஆபத்தில் இருக்கும் பெண்களைப் பற்றி மட்டும் எல்லாத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற கூட்டம். நர்ஸுக்குத் தெரிந்தது போலீஸுக்குத் தெரியாது. பையன் ஸ்கூலில் படம் வரைந்து காட்டியது யாருக்குமே தெரியாது. கலெக்டர் மாதாமாதம் எத்தனையோ ஆய்வுக் கூட்டம் நடத்துகிறார். அதில் ஒன்று இதற்காக இருக்கலாம். செலவு, டீ வடைதான்.

இன்னும் ஒன்று. ஆபத்து ஒரு தடவை அளந்து பைலில் கட்டி வைக்கிற விஷயம் இல்லை. இன்றைக்குச் சாதாரணமாக இருப்பது, ஜீவனாம்ச நோட்டீஸ் போன அன்றைக்கு உச்சத்துக்குப் போகும். ஜாமீனில் வந்த அன்றைக்கு, குழந்தையைப் பார்க்க உரிமை கேட்கிற அன்றைக்கு, அவளுக்கு வேறு இடத்தில் வரன் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபடுகிற அன்றைக்கு மறுபடி அளக்க வேண்டும். அவன் ஜாமீனில் வெளியே வருகிற செய்தியை அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஸ்டேஷன். இப்போதெல்லாம் அது அவன் வைக்கிற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூலமாகத்தான் தெரியவருகிறது.

குளத்தூர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற நம் பெண்ணுக்குத் திரும்புவோம். பயிற்சி பெற்ற ரைட்டர் என்றால் என்ன நடக்கும்? கணவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவரை உள்ளே உட்கார வைப்பார். துண்டை எடுக்கச் சொல்ல ஒரு பெண் காவலரை அழைப்பார். அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் மெமோவில் ‘கழுத்து நெரிப்பு’ என்று தனியாக எழுதுவார். பாதுகாப்பு அலுவலருக்கு போன் போடுவார். போன் யார் கையில் இருக்கும், எந்த நம்பருக்குக் கூப்பிட்டால் அவர் மட்டும் எடுப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அம்மா வீடு எந்த ஊர், அங்கே போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அந்த பஸ்ஸில் போவார் என்று கணவருக்குத் தெரியுமா, பிள்ளைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்று கேட்பார். மூன்று நாள் கழித்து அதே நம்பருக்கு ஒரு போன் பண்ணுவார்.

*உதவி தேவைப்பட்டால்: அவசரத்துக்கு 112. பெண்கள் உதவி எண் 181. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. உங்கள் போனை வேறு யாராவது பார்ப்பார்கள் என்றால், தெரிந்தவர் போனிலிருந்து அழையுங்கள்.*